மீடியாவோட சமூகப் பொறுப்பை அளக்க முடியுமா? ஒரே ஒரு வகை செய்திய வச்சு சொல்றேன்

மீடியாவுக்கு சமூகப் பொறுப்பு வேணும்னு எல்லா மேடையிலயும் பேசறாங்களே, அது நிஜமாவே ஒரு விஷயமா, இல்ல கேக்க நல்லா இருக்குன்னு சொல்றதா, மீடியா ஒழுங்கா நடந்துக்கிட்டா அப்படி என்ன மாறிடப் போகுதுன்னு கேட்டிருந்தீங்க. கேள்வியில கொஞ்சம் நக்கலும் இருந்துச்சு, தப்பில்ல, நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சேன். ஒரு தமிழ் நாளிதழோட மாவட்ட எடிஷன் டெஸ்க்ல 11 வருஷம் சப் எடிட்டரா, அதாவது நிருபர் அனுப்பற செய்தியை திருத்தி தலைப்பு போடறவனா இருந்தவன் நான், இப்ப அந்த வேலையில இல்ல, அதனால யாருக்கும் பயப்படாம சொல்லலாம்.

தியரி வேணும்னா சுருக்கமா முடிச்சிடறேன். அமெரிக்காவுல 1947ல ஹட்சின்ஸ் கமிஷன்னு ஒன்னு ரிப்போர்ட் கொடுத்துச்சு, பத்திரிகைக்கு சுதந்திரம் மட்டும் இல்ல, சமூகத்துக்கு பதில் சொல்ற கடமையும் இருக்குன்னு. அதுக்கு காசு கொடுத்தவரே ஒரு பெரிய பத்திரிகை முதலாளி, ஆனா ரிப்போர்ட் வந்ததும் அங்க இருந்த பத்திரிகைகாரங்க பாதிப்பேர் எங்களுக்கு யாருய்யா நீ பாடம் எடுக்கன்னு கோவப்பட்டாங்க. அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை இன்னைக்கு வரைக்கும் முடியல. ஜர்னலிசம் கோர்ஸ்ல பரீட்சைக்கு இத மனப்பாடம் பண்ணுவாங்க, டெஸ்க்ல உக்காந்த முதல் நாளே மறந்துடுவாங்க.

நான் சொல்ல வர்றது வேற. பொறுப்புன்னு பொதுவா பேசினா முடிவே வராது, நீங்க ஒன்னு சொல்வீங்க நான் ஒன்னு சொல்வேன். ஆனா ஒரு வகை செய்தி இருக்கு, அதுல மீடியா எழுதற விதம் மாறினா எத்தனை பேர் உயிரோட இருப்பாங்கன்னு கணக்கே பாத்திருக்காங்க. தற்கொலை செய்தி. பேப்பர்ல நாம தினமும் பாத்துட்டு பக்கத்தை திருப்பிடற அந்த சின்ன செய்தி. (படிக்கறவங்கள்ல யாருக்காவது இப்ப மனசு சரியில்லன்னா முதல்லயே சொல்லிடறேன், 104க்கு இல்லன்னா 14416க்கு போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. இந்த பதிலை அப்புறமா கூட படிச்சுக்கலாம்.)

வியன்னா கதையில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இந்த துறையில யாரைக் கேட்டாலும் அங்கதான் போய் நிப்பாங்க. ஆஸ்திரியா தலைநகர்ல 1978ல மெட்ரோ ரயில் ஓட ஆரம்பிச்சுது. முதல் சில வருஷம் பெருசா ஒன்னும் இல்ல. 1984க்கு அப்புறம் அந்த ரயில்ல உயிரை விடறவங்க எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சுது, பேப்பருங்களும் விடல, முதல் பக்கம், பெரிய தலைப்பு, போட்டோ, எந்த ஸ்டேஷன், எந்த நேரம், என்ன காரணம், பாத்தவங்க பேட்டின்னு ஒவ்வொன்னையும் சீரியல் மாதிரி போட்டாங்க. செய்தி கூடக் கூட சம்பவம் கூடுச்சு, சம்பவம் கூடக் கூட செய்தி கூடுச்சு. அங்க இருந்த தற்கொலை தடுப்பு சங்கத்துல இருந்த டாக்டருங்க 1987 நடுவுல ஒரு சின்ன வழிகாட்டுதல் தயார் பண்ணி எடிட்டருங்ககிட்ட கொண்டு போனாங்க. சட்டம் இல்ல, கோர்ட் ஆர்டர் இல்ல, வெறும் வேண்டுகோள். ஆச்சரியமா பெரிய பேப்பருங்க கேட்டாங்க. முதல் பக்கத்துல இருந்து தூக்கினாங்க, போட்டோ நிறுத்தினாங்க, சில சம்பவங்களை நாலு வரியில முடிச்சாங்க, சிலதை போடவே இல்ல.

அந்த வருஷத்தோட முதல் ஆறு மாசத்தையும் அடுத்த ஆறு மாசத்தையும் ஒப்பிட்டா மெட்ரோவுல நடந்த சாவும் முயற்சியும் சேர்த்து 80 சதவீதம் கிட்ட குறைஞ்சிருந்துச்சு. ரயில் அதே ரயில், பிளாட்பாரம் அதே பிளாட்பாரம், தடுப்பு எதுவும் கட்டல, மக்களும் திடீர்னு சந்தோஷமாயிடல. மாறினது செய்தி ஒன்னுதான். சரி அவங்க வேற இடத்துக்கு போயிருப்பாங்களேன்னு உங்களுக்கு தோணும், எனக்கும் தோணுச்சு. அதையும் பாத்திருக்காங்க, வேற வழியில அந்த அளவுக்கு ஏறல. குறைஞ்சது குறைஞ்சதுதான், அடுத்தடுத்த வருஷங்களும் பழைய அளவுக்கு போகல.

ஒரு செய்தி எப்படி ஒரு ஆளை சாக வைக்கும், அவ்வளவு பலவீனமானவங்களா மக்கள்னு கேப்பீங்க. நல்லா இருக்கற ஆளை எந்த செய்தியும் ஒன்னும் பண்ணாது. ஆனா எந்த ஊர்லயும் எந்த நாள்லயும் ஒரு கூட்டம் ரெண்டு மனசா இருக்கும், வாழணும்னும் இருக்கும் முடிச்சிடலாம்னும் இருக்கும், இன்னைக்கு ராத்திரி தாண்டினா நாளைக்கு காலையில அந்த எண்ணம் கொஞ்சம் தணிஞ்சிருக்கும். அந்த ராத்திரியில அவங்க கண்ணுல படற செய்தி என்ன சொல்லுதுங்கறதுதான் விஷயம். உன்னை மாதிரியே ஒருத்தர், உன் வயசு, உன் பிரச்னை, அவர் இப்படி முடிச்சுக்கிட்டார், ஊரே அழுதுச்சு, மந்திரி மாலை போட்டார்னு சொன்னா அது அந்த ரெண்டு மனசுல முடிச்சிடலாம்ங்கற மனசுக்கு துணைக்கு ஆள் அனுப்புன மாதிரி. டேவிட் பிலிப்ஸ்னு ஒரு அமெரிக்க சமூகவியல் ஆள் 1974லயே நியூயார்க் டைம்ஸ் முதல் பக்க செய்திகளை வச்சு இதை காட்டினார், பெரிய செய்தி வந்த உடனே எண்ணிக்கை ஏறுது, எவ்வளவு பெருசா போட்டாங்களோ அவ்வளவு ஏறுதுன்னு. நடிகை மர்லின் மன்றோ இறந்த 1962 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல 12 சதவீதம் ஏறுச்சு. 2014ல நடிகர் ராபின் வில்லியம்ஸ் இறந்ததுக்கு அப்புறம் நாலஞ்சு மாசத்துல வழக்கத்தை விட 10 சதவீதம் கிட்ட கூடுதல், அதாவது 1,800க்கு மேல ஆளுங்க. இதுல அவர் இறந்த விதத்தை டிவில எவ்வளவு விலாவாரியா சொன்னாங்கன்னு அப்ப பாத்தவங்களுக்கு தெரியும்.

இதுக்கு நேர் எதிரா ஒன்னு சொல்றேன், 1994ல அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல ராக் பாடகர் கர்ட் கோபேன் இறந்தப்போ எல்லாரும் பயந்தாங்க, இளசுங்க கூட்டம் கூட்டமா அவர் பின்னாடி இருந்த நேரம். ஆனா அந்த ஊர்ல எதிர்பாத்த ஏற்றம் வரல. அங்க மீடியா அவரோட பாட்டை ஒரு பக்கமும் அவர் எடுத்த முடிவை இன்னொரு பக்கமும் பிரிச்சு வச்சு பேசுச்சு, கூடவே ஹெல்ப்லைன் நம்பரை திரும்பத் திரும்ப சொன்னாங்க. அந்த நாட்கள்ல ஹெல்ப்லைனுக்கு வந்த போன்தான் ஏறுச்சு.

சரி நம்ம ஊருக்கு வருவோம். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குப்படி 2022ல இந்தியாவுல 1,70,924 பேர், தமிழ்நாட்டுல மட்டும் 19,834 பேர், மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாமதான். அதாவது ஒரு நாளைக்கு 54 பேர். இப்படி ஒரு மாநிலத்துல பேப்பர் எப்படி எழுதணும்? எப்படி எழுதுச்சுன்னு ஒரு ஆராய்ச்சி இருக்கு. 2016ல சில மாசம் தமிழ்நாட்டுல அதிகம் படிக்கற 9 நாளிதழ்களை எடுத்து, இந்த விஷயமா வந்த 1,681 செய்திகளை ஒவ்வொன்னா உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டுதலை பக்கத்துல வச்சு படிச்சிருக்காங்க. சராசரியா ஒரு பேப்பருக்கு ஒரு நாளைக்கு ஒரு செய்தி. நூத்துக்கு 43 செய்தியில எப்படி பண்ணிக்கிட்டாங்கங்கறது விவரமா இருந்துச்சு. உதவிக்கு யாரை கூப்பிடலாம்னு நம்பர் போட்டது நூத்துக்கு ரெண்டரை.

அந்த ரிசல்ட்டை முதல் தடவை படிச்சப்போ எனக்கு கோவம்தான் வந்துச்சு, ஏசி ரூம்ல உக்காந்து ராத்திரி 11 மணி டெஸ்க் பத்தி என்ன தெரியும் இவங்களுக்குன்னு. அப்புறம் சும்மா ஒரு நாள் பழைய பைலை எடுத்து என் எடிஷன்ல ஒரு மாசம் நானே போட்ட தலைப்புங்களை பாத்தேன். கோவம் போயிடுச்சு.

இந்த செய்தி எப்படி உருவாகுதுன்னு வெளிய இருக்கறவங்களுக்கு தெரியாது, அத சொன்னாத்தான் புரியும். ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போடுவாங்க, அதுல இறந்தவர் பேர், வயசு, தெரு, எப்படி, போலீஸ் நினைக்கற காரணம் எல்லாம் இருக்கும். அது நிருபருங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு வரும். தாலுகா நிருபர் பல இடத்துல சம்பளக்காரர் இல்ல, செய்திக்கு இவ்வளவுன்னு வாங்கறவர், அவர் ஒரு நாளைக்கு நாலு செய்தி அனுப்பியாகணும், இது கையில ரெடியா வந்த செய்தி, வரி மாத்தாம அனுப்புவார். டெஸ்க்ல உக்காந்திருக்கவனுக்கு ராத்திரி 10 மணிக்கு மேல பக்கத்துல ஒரு ஓட்டை இருக்கும், 12 செ.மீ. காலியா கிடக்கும், அதுக்கு இது அளவு எடுத்த மாதிரி பொருந்தும். தலைப்புக்கு யோசிக்கவே வேண்டாம், கை பழக்கத்துலயே வரும். "காதல் தோல்வி: வாலிபர் விபரீத முடிவு", "மதிப்பெண் குறைந்ததால் மாணவி தற்கொலை", "கணவர் கண்டித்ததால் பெண் விபரீதம்", கடைசியில ஒரு "பரிதாபம்" போட்டா முடிஞ்சுது. கெட்ட எண்ணம்னு யாருக்கும் இல்ல, அதுதான் இதுல கஷ்டமான விஷயம், திட்டறதுக்கு ஒரு வில்லன் இருந்தா ஈஸியா இருக்கும்.

அந்த தலைப்புங்களை மறுபடி பாருங்க. "ஆல்" ன்னு ஒரு விகுதி இருக்கு பாருங்க, குறைந்ததால், கண்டித்ததால், திட்டியதால். அந்த ரெண்டு எழுத்துதான் பெரிய பொய். எந்த மனநல டாக்டரைக் கேட்டாலும் ஒரே காரணம்னு எதுவும் கிடையாதும்பார், மாசக்கணக்கா இருந்த மனச்சோர்வு இருக்கும், கடன் இருக்கும், குடி இருக்கும், வீட்டுல அடி இருக்கும், கடைசியா நடந்த ஒன்னு மட்டும் ஊருக்கு தெரியும். அதை எடுத்து நாம "ஆல்" போட்டு ஒட்டிடறோம். இதைப் படிக்கற இன்னொரு பொண்ணுக்கு நாம சொல்லிக் கொடுக்கறது என்னன்னா மார்க் குறைஞ்சா இதுதான் அடுத்த படின்னு. அதே மாதிரி "தற்கொலை முயற்சி தோல்வி"ன்னு ஒரு காலத்துல எழுதுவோம். உயிர் பொழைச்சது தோல்வியாம்! இதை ஒருத்தர் சுட்டிக் காட்டற வரைக்கும் எனக்கு உறுத்தவே இல்ல.

அப்புறம் கடிதம். "உருக்கமான கடிதம் சிக்கியது"ன்னு பெட்டி கட்டி போடுவோம், டிவியா இருந்தா அதை ஸ்கேன் பண்ணி பின்னணி மியூசிக் போட்டு ஒரு குரல் படிக்கும். ஒரு ஆள் வாழ்க்கையிலேயே ரொம்ப இருட்டான நேரத்துல எழுதுனதை அவரோட கடைசி தத்துவம் மாதிரி ஊருக்கு வாசிச்சு காட்டறோம், அதுல பேர் இருக்கறவங்க மறுநாள் காலையில எப்படி வீதியில நடப்பாங்கன்னு யாரும் யோசிக்கறதில்ல.

என் விஷயத்தை சொல்றேன். ஒரு மே மாசம், ரிசல்ட் வந்த மறுநாள், ஒரு மாணவி செய்தி. நான்தான் தலைப்பு போட்டேன், மார்க் குறைந்ததால்னு. ரெண்டு நாள் கழிச்சு டெஸ்க் லேண்ட்லைனுக்கு ஒருத்தர் பேசினார், அந்த பொண்ணோட தாய்மாமன். சண்டை போடுவார்னு தயாரா இருந்தேன். அவர் சத்தமே போடல. "தம்பி, எங்க புள்ள நல்ல மார்க்குதான் வாங்கியிருந்துச்சு, அதுக்கு ரெண்டு வருஷமா மனசு சரியில்லாம வைத்தியம் பாத்துக்கிட்டு இருந்தோம், நீங்க போட்டத பாத்துட்டு ஊரே அவங்கப்பன் மார்க்குக்காக அடிச்சிருப்பான்னு பேசுது, நான் உங்களை மறுப்பு போடச் சொல்லல, அதுக்கு ஒரு தங்கச்சி இருக்கு, அடுத்த வருஷம் அதுவும் பரீட்சை எழுதணும், அத மட்டும் நினைச்சுக்கங்க." அவ்வளவுதான், வச்சுட்டார். மார்க்னு எஃப்ஐஆர்ல இருந்துச்சு, நிருபர் அனுப்பினார், நான் போட்டேன், சட்டப்படி என் மேல ஒரு தப்பும் இல்ல. அந்த "சட்டப்படி தப்பில்ல"ங்கறது ராத்திரி தூக்கத்துக்கு உதவல.

ரிசல்ட் நாள்னு சொன்னேன் இல்லையா, அதுல ஒரு நல்லதையும் சொல்லணும். முன்னாடி எல்லாம் மாநிலத்துல முதல் இடம் ரெண்டாம் இடம்னு போட்டோ போட்டு, அம்மா லட்டு ஊட்டறத போட்டு, பக்கத்துப் பக்கத்துலயே பெயிலான பிள்ளைங்க செய்தியும் போடுவோம், ஒரே பக்கத்துல ரெண்டும் இருக்கும், யாருக்கும் அது கோரமா தெரியல. 2017ல பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்னாடி அரசாங்கம் இனிமே ரேங்க் அறிவிக்க மாட்டோம்னு சொல்லிடுச்சு. டெஸ்க்ல நிறைய பேருக்கு வருத்தம், அன்னைக்கு பேப்பர் எப்படி நிரப்பறதுன்னு. அதுக்கும் முன்னாடியே பெயிலானவங்க ஒரு வருஷம் காத்திருக்காம உடனே துணைத் தேர்வு எழுதி அதே வருஷம் காலேஜ் சேரலாம்னு கொண்டு வந்திருந்தாங்க, சென்னையில 1986ல இருந்து இயங்கற சினேகாங்கற தற்கொலை தடுப்பு அமைப்பெல்லாம் அதுக்காக பேசினவங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க, ரிசல்ட் அன்னைக்கு ஒரு பேப்பர் "துணைத் தேர்வு என்னைக்கு, எப்படி அப்ளை பண்றது"ன்னு முதல் பக்கத்துல போட்டா அது செய்தியா இல்லையா? எத்தனை வீட்டுக்கு அன்னைக்கு அது மட்டும்தான் தேவையான செய்தி. ஆனா அது உள் பக்கத்துல அறிவிப்பு மாதிரி வரும்.

இப்ப கஷ்டமான இடத்துக்கு வர்றேன், நீட். 2017 செப்டம்பர்ல அரியலூர் மாவட்ட மாணவி இறந்ததுல இருந்து ஒவ்வொரு வருஷமும் இது நடக்குது, 2020ல தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் மூணு பேர். இதை போடாத, சின்னதா போடுன்னு சொன்னா அது அரசியலை மூடி மறைக்கறதா ஆயிடாதா, கிராமத்து பிள்ளைங்களுக்கு நடக்கற அநியாயத்தை யார் பேசறதுன்னு கேக்கறவங்க இருக்காங்க, அந்த கேள்வி நியாயமான கேள்வி. வியன்னா மெட்ரோவுல அரசியல் இல்ல, நம்மகிட்ட இருக்கு. என்னோட பதில், நீட்டை பத்தி தினமும் எழுதுங்க, எந்த போர்டுல படிச்சவங்க எத்தனை பேர் சீட் வாங்கினாங்க, கோச்சிங்குக்கு எவ்வளவு செலவு, எத்தனாவது முயற்சியில பாஸ் பண்றாங்க, அரசுப் பள்ளி மாணவங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததுக்கு அப்புறம் என்ன மாறுச்சுன்னு விடாம எழுதுங்க. முதல் பக்கத்துல எழுதுங்க. ஆனா ஒரு குழந்தையோட சாவை அந்த வாதத்துக்கு சான்றா வைக்காதீங்க. ஸ்கோர்போர்டு மாதிரி "நீட் பலி எண்ணிக்கை இத்தனை ஆனது"ன்னு கார்டு போடறது யாருக்கு போய் சேருதுன்னா மந்திரிக்கு இல்ல, அடுத்த வாரம் பரீட்சை எழுதப் போற, ரெண்டு மனசா இருக்கற பிள்ளைக்குத்தான் போய் சேருது. நீ செத்தாத்தான் உன் பேச்சு எடுபடும்னு நாம சொல்ற மாதிரி ஆயிடுது. இதுல எல்லாரும் என்னோட ஒத்துப் போவாங்கன்னு நான் நினைக்கல, என் பழைய சகாக்களே ஒத்துக்க மாட்டாங்க.

இது இன்னைக்கு நேத்து வந்த பழக்கமும் இல்ல. தலைவர்கள் இறந்தா "அதிர்ச்சியில் உயிரிழந்தவர்கள்"னு பட்டியல் போடறது நமக்கு பழகிப் போன ஒன்னு. 2016 டிசம்பர்ல ஜெயலலிதா இறந்தப்போ கட்சி சார்புல பட்டியல் வந்துச்சு, குடும்பத்துக்கு 3 லட்சம்னு அறிவிப்பும் வந்துச்சு, எல்லா பேப்பரும் அதை அப்படியே போட்டுச்சு. அந்த பட்டியல்ல மாரடைப்பு எது, மத்தது எதுன்னு யாரும் பிரிச்சு கேக்கல.

விதி இல்லையான்னு கேட்டா இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2000லயே மீடியாவுக்குன்னு கையேடு போட்டுச்சு, அப்புறம் மூணு தடவை திருத்தி கடைசியா 2023ல வந்துச்சு. பத்திரிகைங்களை கண்காணிக்கற நம்ம பிரஸ் கவுன்சில் 2019 செப்டம்பர்ல அதை வச்சே வழிகாட்டுதல் கொண்டு வந்தாங்க, முக்கியமான இடத்துல போடாத, திரும்பத் திரும்ப போடாத, பரபரப்பா தலைப்பு வைக்காத, முறையை விவரிக்காத, இடத்தை விவரிக்காத, போட்டோ வீடியோ போடாத. கஷ்டமான சட்ட மொழி இல்ல, ஒரு போஸ்ட் கார்டுல எழுதிடலாம். நான் இருந்த டெஸ்க்ல அதை பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டினேன், ஒரு மாசத்துல அது மேல யாரோ ஷிப்ட் அட்டவணையை ஒட்டிட்டாங்க.

பிரஸ் கவுன்சிலால கண்டிக்கத்தான் முடியும், அபராதம் போட முடியாது, டிவி அதுக்குள்ள வரவே வராது. டிவி என்ன பண்ணுச்சுன்னு 2020ல நாடே பாத்துச்சு. ஜூன் 14ம் தேதி மும்பையில இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தார், அதுக்கப்புறம் மாசக்கணக்கா இந்தி சேனல், இங்கிலீஷ் சேனல் எதுலயும் வேற செய்தியே இல்ல, கொரோனா உச்சத்துல இருந்த நேரம் அது, வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்து வேலை போயி நொந்து போயிருந்த ஜனங்களுக்கு காலையில இருந்து ராத்திரி வரை இது ஒன்னுதான். அவரோட காதலியா இருந்த பொண்ணை குற்றவாளியாவே ஆக்கி தெருவுல துரத்தினாங்க. சுஷாந்த் பேர்ல பொய்யான ட்வீட்டுகளை ஒளிபரப்புனதுக்காக ஒரு பெரிய சேனல் அவங்க சங்கத்தோட ஆணையத்துக்கிட்ட 1 லட்ச ரூபாய் அபராதம் கட்ட வேண்டி வந்துச்சு. அந்த சேனலுக்கு 1 லட்சம்ங்கறது எத்தனை செகண்ட் விளம்பரம்னு நீங்களே யோசிச்சுக்கங்க. கடைசியில 2021 ஜனவரியில பம்பாய் ஹைகோர்ட் சொல்லுச்சு, இந்த மாதிரி செய்தியில பிரஸ் கவுன்சில் வழிகாட்டுதலை டிவியும் கடைபிடிக்கணும்னு.

டிவி மாறவே மாறாதான்னா, மாறியிருக்கு, உதை வாங்கினா மாறும். 2008 நவம்பர் 26 மும்பை தாக்குதல்ல நாரிமன் ஹவுஸ் மாடியில ஹெலிகாப்டர்ல இருந்து கமாண்டோ இறங்கறதை லைவ்ல காட்டினாங்க, பாகிஸ்தான்ல உக்காந்திருந்தவங்க டிவி பாத்துக்கிட்டே உள்ள இருந்தவனுக்கு போன்ல சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 2012ல, அதுல உயிரோட பிடிபட்ட கசாப் வழக்கு தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் இதை கடுமையா கண்டிச்சுது, பேச்சு சுதந்திரம்னு சொல்லி இதை நியாயப்படுத்த முடியாதுன்னு. 2015ல விதியே வந்துச்சு, ஆபரேஷன் நடக்கறப்ப லைவ் கிடையாது, அதிகாரி சொல்றதை மட்டும் அப்பப்ப போடலாம்னு. அது ராணுவம், தேசப் பாதுகாப்பு, அதனால லேட்டானாலும் விதி வந்துச்சு. ஒரு நாளைக்கு 54 பேர் ஒவ்வொரு வீட்டுல தனித்தனியா போனா அது யாருக்கும் தேசப் பாதுகாப்பா தெரியறதில்ல.

யூடியூப் சேனல் பத்தி எழுத ஆரம்பிச்சா ராத்திரி முடியாது, ஒன்னு மட்டும் சொல்லிடறேன், இறந்தவங்க வீட்டு வாசல்ல மைக் நீட்டற பழக்கத்தை அவங்க கண்டுபிடிக்கல, எங்ககிட்ட இருந்துதான் கத்துக்கிட்டாங்க.

அப்ப போடவே கூடாதான்னா இல்ல, வாயை மூடறது பதிலே இல்ல. இதை பேசாம மறைச்சு மறைச்சுத்தான் டாக்டர்கிட்ட போறதுக்கே ஜனங்க வெக்கப்படறாங்க. ஆஸ்திரியாவுலயே 2010ல இன்னொரு ஆராய்ச்சி பண்ணாங்க, அதுல வந்தது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். அந்த எண்ணம் வந்து, ஆனா அதை தாண்டி வந்த ஆளுங்களை பத்தி செய்தி போட்டா, எப்படி தாண்டினாங்க, யார் உதவினாங்கன்னு எழுதினா, எண்ணிக்கை குறையற பக்கம் போகுது. அதாவது செய்தி கெடுக்கவும் செய்யும் காக்கவும் செய்யும், ரெண்டும் ஒரே மை, ஒரே பேப்பர்தான். நம்ம பேப்பர்ல அப்படி ஒரு செய்தி எப்ப பாத்தீங்க? "கடன் தொல்லையில் தவித்தவர், நண்பரிடம் பேசினார், இன்று கடை நடத்துகிறார்"னு ஒரு தலைப்பு? நிருபருக்கு அதுக்கு எஃப்ஐஆர் கிடைக்காது, அவரே போய் உக்காந்து பேசி எழுதணும், ஒரு நாள் ஆகும், செய்திக்கு கிடைக்கற காசு ஒன்னுதான். பணக் கணக்கு மாறாம பொறுப்பு பத்தி எத்தனை கருத்தரங்கு நடத்தினாலும் அந்த தாலுகா நிருபர் வாட்ஸ்அப்ல வந்ததைத்தான் அனுப்புவார்.

உங்க கேள்விக்கு கடைசியா ஒன்னு, மீடியா ஒழுங்கா இருந்தா என்ன மாறும்னு கேட்டீங்க. அந்த தாய்மாமன் போனுக்கு அப்புறம் நான் பண்ணின பெரிய புரட்சி என்னன்னா, இந்த வகை செய்தி எது வந்தாலும் தலைப்புல "ஆல்" வராம பாத்துக்கிட்டேன், எப்படிங்கற வரியை வெட்டினேன், செய்திக்கு கீழ 104னு நம்பரோட ரெண்டு வரி சேர்த்தேன். முதல் நாள் அந்த ரெண்டு வரியை பாத்துட்டு பக்கம் வடிவமைக்கற அண்ணன் என்கிட்ட எழுந்து வந்து கேட்டார், "இது விளம்பரமா செய்தியா, விளம்பரம்னா பில் போடணுமே, எந்த பார்ட்டி பேர்ல போடறது?" செய்திதான்ணேன்னேன். என்னை ஒரு மாதிரி பாத்துட்டு போய் போட்டுட்டார். நான் வேலையை விட்ட பிறகும் அந்த எடிஷன்ல அந்த ரெண்டு வரி வந்துக்கிட்டு இருக்கு, பண்டிகை நேரத்துல ஜவுளிக்கடை விளம்பரம் அதிகமா வந்தா மட்டும் வராது.